அண்ணன் மறுபடி ரிங் ஏறலாமா?

வாசகர் கேள்வி: என் அண்ணன் தொழில்முறை குத்துச்சண்டையில் வெல்டர்வெயிட் எடைப்பிரிவுப் பட்டம் வைத்திருந்தவர். வயது 41. கடைசி மூன்று சண்டைகளில் இரண்டில் நாக்-அவுட் ஆனார். மூன்றரை வருடத்துக்கு முன் ஓய்வு அறிவித்துவிட்டார். இப்போது 26 வயது வீரர் ஒருவரோடு பத்து ரவுண்டு மோத ஒரு புரமோட்டர் கூப்பிடுகிறார். அண்ணன் தினமும் ஓடுகிறார். பேடில் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தையில்) அடித்தால் ஜிம்மே அதிர்கிறது. ‘நான் பழைய ஆளாகத்தான் இருக்கேன்’ என்கிறார். மூளை ஸ்கேனும் சுத்தமாக வந்திருக்கிறது. பெரிய பெரிய சாம்பியன்கள்கூட ஏன் இப்படித் திரும்பி வந்து அடி வாங்குகிறார்கள்? இவரை நான் தடுக்க வேண்டுமா? எப்படி?

விளையாட்டு மருத்துவர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டை வேண்டாம். 41 வயது மட்டும் என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதோடு கடைசி மூன்றில் இரண்டு நாக்-அவுட், பிறகு மூன்றரை வருட இடைவெளி, எதிரே 26 வயது என்று நான்கும் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் வெறுமனே ‘வேண்டாம்’ என்று போய்ச் சொன்னால் அண்ணனிடம் எடுபடாது. தன்னிடம் ஆதாரம் இருக்கிறது என்று அவர் மனதார நம்புகிறார். அந்த ஆதாரம் எங்கே ஏமாற்றுகிறது என்று தெரிந்துகொண்டு போனால்தான் நீங்கள் அவரோடு பேச முடியும்.

குத்துச்சண்டை வீரரின் உடம்பில் எல்லாம் ஒரே நேரத்தில் மூப்படைவதில்லை. குத்தின் பலம் கடைசியில்தான் போகும். வயிற்றுத் தசை, தோள், ஓட்டம் எல்லாவற்றையும் மூன்று மாதப் பயிற்சியில் ஓரளவு மீட்டுவிடலாம். முதலில் போவது கால். அதோடு சேர்ந்து போவது, வரும் குத்திலிருந்து நேரத்துக்கு விலகும் திறன். அது கண்ணாடியில் தெரியாது, எடை மெஷினில் தெரியாது, பேடிலும் தெரியாது. பேட் பிடிப்பவர் எந்தக் குத்து வர வேண்டும் என்று தானே சொல்லி, கையை அங்கே கொண்டுபோய் வைக்கிறார், திருப்பி அடிப்பதில்லை. அண்ணன் தினமும் பார்த்து மகிழ்வது, தன்னிடம் கடைசியில் தேயப்போகிற திறமைகளை. தேய்ந்துபோனதைக் காட்டும் வேலை எதுவும் அவர் பயிற்சியில் இல்லை. சாம்பியன்கள் திரும்பி வருவதற்குப் பணம், புகழ், வெறுமை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையை ஊட்டுவது இந்தத் தப்பான அளவுகோல்தான்.

இதன் உடலியல் எளிமையானது. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு அசையத் தொடங்கவே ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகும். ஒரு நல்ல ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) அதற்குள் முகத்தில் வந்து விழுந்துவிடும். ஆகவே எந்த நல்ல வீரரும் முஷ்டியைப் பார்த்து விலகுவதில்லை. எதிராளியின் தோள் அசைவதையும் முன்காலில் எடை இறங்குவதையும் படித்து, குத்து கிளம்பும் முன்பே நகரத் தொடங்கிவிடுகிறார். 41 வயதில் அண்ணனுக்கு அந்தப் படிப்பு குறைந்திருக்காது, கூடியிருக்கவே வாய்ப்பு. படித்த பிறகு கால் நகர்வதிலும் தலை சாய்வதிலும்தான் தாமதம் வந்திருக்கும். வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் வயதோடு குறைகின்றன. மூட்டும் இடுப்பும் இறுகுகின்றன. முன்பு காதோரம் உரசிப்போன குத்து இப்போது தாடையில் இறங்கும். ‘குத்து வருவது தெரிந்தது, உடம்பு போகவில்லை, இடம் திறந்திருந்தது, கை கிளம்பவில்லை’ என்று மூத்த வீரர்கள் சொல்வது இதைத்தான்.

1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோதிய முகமது அலியைப் பாருங்கள். வயது 38, ஓய்விலிருந்து இரண்டு வருடம் கழித்துத் திரும்பியவர். எடை 217½ பவுண்டு. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியபோது இருந்ததும் ஏறக்குறைய அதே எடைதான். பார்த்தவர்கள் ‘பழைய அலி வந்துவிட்டார்’ என்றார்கள். அந்த எடைக் குறைப்பில் தைராய்டு மருந்துக்குப் பங்கு இருந்தது பின்னால் தெரியவந்தது. தேவைக்கு மேல் தைராய்டு மருந்து உள்ளே போனால் கொழுப்போடு தசையும் கரையும், இதயம் படபடக்கும், வெப்பத்தைத் தாங்கும் சக்தி போகும். பத்து ரவுண்டில் ஒன்றைக்கூட எந்த நடுவரும் அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். அப்படியும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு இன்னொரு சண்டை நடந்தது, அதிலும் தோல்வி. 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது உறுதியானது.

அண்ணன் உங்களிடம் இரண்டு பெயர்களைச் சொல்வார், தயாராக இருங்கள். ஒன்று ஃபோர்மன். 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்து ஹெவிவெயிட் பட்டத்தை மீட்டவர். உண்மைதான். ஆனால் அவர் 1977இல் விலகி 1987 வரை பத்து வருடம் ரிங் பக்கமே போகவில்லை. அந்தக் காலம் முழுவதும் தலை அடி வாங்கவில்லை. திரும்பி வந்ததும் நேராகப் பட்டத்துக்குப் போகாமல், நான்கு வருடம் சிறிய எதிராளிகளோடு அடிக்கடி மோதித் தன்னைப் பழக்கிக்கொண்டார். கால் வேகம் தேவைப்படாத ஒரு முறையை, கைகளைக் குறுக்கே வைத்து நின்ற இடத்தில் தடுத்து ஆடும் முறையை, கட்டிக்கொண்டார். ஹெவிவெயிட்டில் ஒரே குத்து ஆட்டத்தை முடித்துவிடும். வெல்டர்வெயிட்டில் அந்த வசதி குறைவு. மூரரோடு நடந்த சண்டையிலும் அந்தக் குத்து விழும்வரை அவர் புள்ளியில் பின்தங்கித்தான் இருந்தார்.

இன்னொன்று பெர்னார்ட் ஹாப்கின்ஸ். 49 வயதிலும் பட்டம் வென்றவர். அவர் வருடம் முழுவதும் போட்டி எடைக்கு அருகிலேயே வாழ்ந்தவர். எதிராளியை அடிக்க விடாத தற்காப்பு ஆட்டக்காரர், அதனால் தலை வாங்கிய அடியே குறைவு. அவரும் இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2016 டிசம்பரில், 52 ஆக ஒரு மாதம் இருக்கும்போது, ஜோ ஸ்மித் ஜூனியரோடு இறங்கினார். எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார், உரிய நேரத்துக்குள் திரும்பி ஏற முடியவில்லை. அந்த நாள்வரை அவரை யாரும் நாக்-அவுட் செய்ததில்லை.

உங்கள் அண்ணன் எந்த வகை ஆட்டக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. வேகத்தையும் அனிச்சையையும் நம்பி, கையைத் தாழ்த்தி ஆடியவர் என்றால் இன்னும் கவலை. ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2003 மார்ச்சில் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். எடையைக் கரைத்துப் பழைய பிரிவுக்கு இறங்கினார். 2004 மே மாதம் ஆன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். நான்கே மாதத்தில் கிளென் ஜான்சன் ஒன்பதாவது ரவுண்டில் சாய்த்தார். அனிச்சையை நம்பியவர்களுக்குச் சரிவு மெல்ல மெல்ல வருவதில்லை. ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது.

தோல்வியைவிட ஆபத்தானது இடையில் கிடைக்கும் ஒரு நல்ல வெற்றி. 1987 ஏப்ரலில், மூன்று வருடம் சண்டையே போடாமல் வந்து மார்வின் ஹேக்லரை வென்றார் ஷுகர் ரே லெனார்ட். ‘இடைவெளி ஒரு பொருட்டே இல்லை’ என்ற பாடத்தை அந்த இரவு கற்றுக்கொடுத்தது. அதே நம்பிக்கையில் 1997இல் 40 வயதில் ஹெக்டர் கமாச்சோவின் முன் நின்றார். ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தினார்கள். ஜோ லூயிஸ் வரிக்கடனுக்காகத் திரும்பி வந்தவர். 1950இல் எஸார்ட் சார்ல்ஸிடம் தோற்ற பிறகு வரிசையாக எட்டுச் சண்டை வென்றார். அந்த எட்டும் 37 வயதில் ராக்கி மார்சியானோவின் முன் கொண்டுபோய் நிறுத்தின. எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கிடையே விழுந்தார். எளிய எதிராளியை வென்றது எதற்கும் சாட்சியாகாது. புரமோட்டர் ‘முதலில் ஒரு சின்ன சண்டை வைத்துப் பார்க்கலாம்’ என்றால் இதை நினைவில் வையுங்கள்.

புரமோட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 26 வயது வீரரின் பட்டியலில் முன்னாள் சாம்பியன் ஒருவரின் பெயர் ஏற வேண்டும், அதுவும் அதிகம் திருப்பி அடிக்காத ஒரு பெயர். அவர்கள் வாங்குவது அதைத்தான். அண்ணனைச் சுற்றி இருப்பவர்களில் யார் யாருக்கு இந்தச் சண்டையில் பங்கு கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பயிற்சியாளருக்கு வழக்கமாக 10 சதவீதம். மேலாளருக்கு மூன்றில் ஒரு பங்குவரை போவதுண்டு. ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆட்களின் கூலி, எட்டு முதல் பன்னிரண்டு வாரத் தங்கல், மருத்துவச் சோதனை, அதற்கு மேல் வரி. சொன்ன தொகையில் பாதிகூடக் கைக்கு வராத கணக்குகள் உண்டு. அந்தக் கையில் வரும் தொகையைப் பார்த்துத்தான் அண்ணன் முடிவெடுக்க வேண்டும், போஸ்டரில் வரும் தொகையை அல்ல.

அனுமதி கிடைத்துவிட்டதே என்ற வாதமும் வரும். 2004 நவம்பரில் லாரி டொனால்டிடம் தோற்றபின் எவாண்டர் ஹோலிஃபீல்டை நியூயார்க்கில் சண்டைகளுக்கு அனுமதி தரும் ஆணையம் தடுத்து நிறுத்தியது. 2006இல் டெக்சாஸில் அவர் மறுபடி ரிங் ஏறினார். 2021 செப்டம்பரில், 58 வயதில், ஃபுளோரிடாவில் விட்டோர் பெல்ஃபோர்ட்டோடு மோதி முதல் ரவுண்டிலேயே முடிந்துபோனார். ஒரு இடத்தில் கதவு அடைத்தால் இன்னொரு இடத்தில் திறப்பது இந்தத் தொழிலின் பழைய நோய். ஆகவே, உரிமம் தருவது எந்த ஆணையம், 40க்கு மேற்பட்டவருக்கு அங்கே என்னென்ன கூடுதல் சோதனை, முன்பு வேறெங்காவது அனுமதி மறுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒலிம்பிக் பாணி அமெச்சூர் போட்டிகளில் 40 வயதுக்கு மேல் இடமே இல்லை என்பதையும் அண்ணனுக்கு நினைவூட்டலாம்.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். கேள்வியில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி அதுதான். சுத்தமான ஸ்கேன் என்பது ‘இன்றைக்கு இரத்தக்கசிவோ கட்டியோ இல்லை’ என்பதற்கான சான்று மட்டுமே. அடிவாங்கி வாங்கி மூளையில் மெல்லப் படியும் சேதத்தை, 1928இல் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்டு எழுதிய அந்த நோயை, இன்றும் உயிரோடிருப்பவரிடம் ஸ்கேன் வைத்து உறுதி செய்ய முடியாது. இறந்த பிறகு மூளைத் திசுவை ஆராய்ந்துதான் உறுதி செய்கிறார்கள். இன்னொன்று: வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும், அடிபட்ட மூளை இன்னும் கொஞ்சம். மண்டையோடு சுருங்காது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அதனால் இழுபட்டே நிற்கும். தலை வெடுக்கென்று திரும்பும் ஒரு குத்தில் அவை அறுந்தால் உறைக்கு அடியில் இரத்தம் சேரும். ரிங்கில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இந்த வகை. 26 வயது எதிராளிக்கும் அண்ணனுக்கும் ஒரே குத்தின் விளைவு ஒன்றல்ல.

இதில் கொடுமையான பகுதி, ‘நிறுத்தலாமா, தொடரலாமா’ என்று தீர்மானிக்கும் மூளைதான் அடி வாங்கிய மூளையும். அவசரமாக முடிவெடுப்பது, ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவது, சட்டென்று எரிந்து விழுவது ஆகியவை சேதத்தின் தொடக்க அடையாளங்களாகவே இருக்கலாம். அதனால்தான் அவருடைய தன்னம்பிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்யுங்கள். வரிசை முக்கியம்: மூளை, இதயச் சோதனை முடியாமல் ஒரு ரவுண்டுகூட ஸ்பாரிங் கூடாது.

எடுத்த ஸ்கேன் சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா என்று முதலில் பாருங்கள். சி.டி. போதாது. எம்.ஆர்.ஐ. என்றால் நுண்ணிய பழைய இரத்தக்கசிவுகளைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அவர் சாம்பியனாக இருந்த காலத்துப் படத்தையும் தேடி எடுத்து, இரண்டையும் ஒரே நரம்பியல் மருத்துவரிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப் படத்தைவிட மாற்றம்தான் சேதி சொல்லும். அதோடு நரம்பு உளவியல் சோதனை: நினைவு, கவனம், தகவலைக் கையாளும் வேகம். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். பலர் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கண்மணியை விரிவடையச் செய்து விழித்திரைச் சோதனை. ட்ரெட்மில் சோதனையும் எக்கோவும் (இதய ஸ்கேன்). இரத்தத்தில் சிறுநீரகம், தைராய்டு, உறைதல் அளவு. ஆஸ்பிரினோ வேறு இரத்தம் உறையாமைக்கான மருந்தோ எடுக்கிறார் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘வயதுக்கு’ என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு முன் அவர் கொடுத்த பேட்டியின் ஒலியையும் இப்போது பதிவு செய்த ஐந்து நிமிடப் பேச்சையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொற்கள் ஒட்டிக்கொள்வது, வேகம் குறைவது, குரல் தட்டையாவது, தினமும் கூடவே இருப்பவர் காதுக்குத் தெரியாது. அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். ஒரு கோட்டில் குதிகாலை விரலில் ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் தாண்டினால் ஸ்பாரிங். பேட் வேண்டாம், குத்துப் பை வேண்டாம், சம்பளத்துக்கு வரும் பழக்கமான ஆளும் வேண்டாம். அவர் அடியை அடக்கித்தான் அடிப்பார். அதே எடை, 22லிருந்து 25 வயது, அண்ணனுக்கு அறிமுகமில்லாத வீரர். 16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், மூன்று நிமிட ரவுண்டு எட்டு. முழுவதையும் பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 60 படச்சட்டத்தில் எடுங்கள். பிறகு நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, அவர் உச்சத்தில் இருந்தபோது நடந்த ஒரு சண்டையோடு மூன்று விஷயங்களை எண்ணி ஒப்பிடுங்கள். எதிராளி விட்ட ஜாபில் எத்தனை முகத்தில் விழுந்தது? தன் கூட்டுக்குத்தை (அடுத்தடுத்து விடும் குத்துகளை) முடித்த பின் எத்தனை முறை கால் இடம் மாறியது, எத்தனை முறை நின்ற இடத்திலேயே நின்றார்? ஆறாவது ரவுண்டுக்குப் பின் வலக்கை தாடைக்குத் திரும்பி வருகிறதா? முதல் ரவுண்டை மட்டும் பார்த்து யாரும் மகிழக் கூடாது. மூத்த வீரர் முதல் இரண்டு ரவுண்டு பிரமாதமாகத்தான் ஆடுவார். ஸ்பாரிங்கில் ஒரே ஒரு முறை கால் தளர்ந்தாலும் நிறுத்திவிடுங்கள். பெரிய கையுறையிலும் கவசத்திலும் தளரும் கால், வெல்டர்வெயிட் சண்டையின் 8 அவுன்ஸ் கையுறைக்கு நிற்காது.

எடை பற்றிச் சுருக்கமாக. வெல்டர்வெயிட் வரம்பு 66.7 கிலோ. இன்றைக்கு அவர் 73க்கு மேல் இருந்தால் அந்த எடைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு அரை கிலோ என்று கரைய வேண்டும். கடைசி வாரம் தண்ணீராக 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 41 வயது உடம்பு ஒரே இரவில் அந்த நீரை முழுவதும் மீட்டுக்கொள்ளாது.

அண்ணனோடு எப்படிப் பேசுவது? ‘வயசாகிடுச்சு அண்ணா’ என்று தொடங்கவே தொடங்காதீர்கள். வாழ்நாள் முழுக்க ‘உன்னால் முடியாது’ என்றவர்களை வென்றே சாம்பியன் ஆனவர் அவர். அந்தச் சொல் அவருக்குப் பயிற்சிக்கான உரம். அதற்குப் பதிலாக, ‘எது நடந்தா நீங்களே நிறுத்துவீங்க அண்ணா?’ என்று கேளுங்கள். அவர் வாயாலேயே வரம்பு வரட்டும். எந்தச் சோதனை, எந்த எண், ஸ்பாரிங்கில் என்ன நடந்தால் விலகல் என்று அதைத் தாளில் எழுதி அவரே கையெழுத்திடட்டும். ஒப்பந்தத்துக்கு முன் இது நடக்க வேண்டும். முன்பணம் வாங்கிய பிறகு எந்த வரம்பும் நிற்காது.

ரிங் அவருக்கு எதைக் கொடுத்தது என்றும் பொறுமையாகக் கேளுங்கள். காலை ஐந்து மணிக்கு எழ ஒரு காரணம், தன்னைச் சுற்றிப் பத்துப் பேர், கேள்விக்கு இடமில்லாத ஒரு முடிவு. இவற்றில் முதல் இரண்டைப் பயிற்சியாளர் வேலை கொடுக்கும், ஸ்பாரிங்கில் அவர் உடலை இறக்காதவரை. ‘கண்காட்சிச் சண்டைதானே’ என்ற சமரசத்துக்கு இணங்காதீர்கள். முஷ்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எல்லாம் மீறி அவர் போகிறார் என்றால் இரண்டு வேலை உங்களுடையது. ஒன்று, ரிங்கின் மூலையில் அவருக்காக யார் நிற்கிறார் என்பது. 1975இல் மணிலாவில் ஜோ ஃப்ரேசியர் கெஞ்சியும் கேட்காமல் பதினைந்தாவது ரவுண்டுக்கு முன் சண்டையை நிறுத்தினாரே எடி ஃபட்ச், அப்படிப்பட்ட ஒருவர் வேண்டும். பங்குப் பணம் பெறாதவராக இருந்தால் நல்லது. ‘தொடர்ந்து இரண்டு ரவுண்டு திருப்பி அடிக்காமல் அடி வாங்கினால் டவல் வீசிச் சண்டையை நிறுத்த வேண்டும்’ என்று அவரிடம் முன்கூட்டியே பேசி முடியுங்கள். எதிராளி மாறினால் விலகும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சண்டைக்குப் பின். வென்றாலும் தோற்றாலும் முதல் இரண்டு நாள் அவரைத் தனியே விடாதீர்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வலிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக நரம்பு அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் வலி மாத்திரை கொடுக்காதீர்கள். 40க்கு மேற்பட்டவருக்கு இரத்தம் மெல்லக் கசிந்து மூன்று நான்கு வாரம் கழித்தும் வெளிப்படலாம். அந்த ஒரு மாதத்தில் புதிதாகத் தலைவலியோ குழப்பமோ வந்தால், சண்டை நடந்த தேதியை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.